ஈர மண்ணுக்கு அனுமதி இல்லை

என் புல்வெளி நான்கு அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது என்று குடியிருப்போர் சங்கம் முதல் கடிதம் எழுதியபோது, அது எந்தப் புல்வெளி என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டுக்கு முன்னால் புல் கிடையாது. ஒரு டீசல் தொட்டியும், என் கணவர் டெல்வின் பத்து வருடமாகப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும், தீவனக் கட்டு போடும் இயந்திரமும்தான் உண்டு. மூன்று முறை படித்த பிறகுதான், அவர்கள் சொல்வது எங்கள் இருபது ஏக்கர் தீவனப் பயிரை, குதிரைமசாலை என்று விளங்கியது.

“அன்புள்ள உறுப்பினரே” என்று கடிதம் ஆரம்பித்தது. “தங்கள் மனையில் உள்ள பசும்பரப்பு அனுமதிக்கப்பட்ட உயரத்தைக் கடந்துள்ளது. பதினான்கு நாட்களுக்குள் அதைச் சீர்செய்து, பக்கத்து மனைகளுடன் காட்சி ஒற்றுமையை மீட்டுத் தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.”

பதினான்கு நாட்களுக்குள் அதை எப்படியும் அறுத்திருப்போம். எங்கள் வெயிலில் வருடத்துக்கு எட்டு அறுப்பு. அறுத்தோம். ஒத்துழைப்புக்குச் சங்கம் நன்றி தெரிவித்தது. மூன்று வாரத்தில் பயிர் மறுபடி வளர்ந்தது. சங்கம் வருத்தம் தெரிவித்தது. அந்தக் கோடை முழுவதும் இப்படி நன்றியும் வருத்தமுமாகப் போனது. தபால்காரர் என்னிடம், உங்களுக்கு யாரோ விடாமல் காதல் கடிதம் எழுதுகிறார்கள் போலிருக்கிறது என்றார்.

நான் எப்போது உறுப்பினரானேன் என்று தேடியதில், ஐந்து வருடத்துக்கு முன் நான் போட்ட ஒரு கையெழுத்து அகப்பட்டது. எங்கள் நிலத்தின் ஓரமாகக் கழிவுநீர்க் குழாய் பதிக்க அனுமதி கேட்டு வீடு கட்டும் நிறுவனத்தின் ஆள் ஒருவன் வந்திருந்தான். அறுப்பு நடந்துகொண்டிருந்த நாள். டிரக்கின் சூடான மூடிமேல் காகிதத்தை வைத்து, கையுறையைக் கழற்றாமலே கையெழுத்திட்டேன். அதன் பதினோராவது பக்கத்தில், எங்கள் மீதி நிலம் ஹார்வெஸ்ட் ஹார்பர் குடியிருப்பின் “நான்காம் கட்டம்” என்று இருந்தது.

“நீ அதப் படிச்சியா?” என்று டெல்வின் கேட்டார்.

“நீ படிச்சியா? ஒன் கையெழுத்தும் அதுக்குக் கீழதான் இருக்கு.”

“நீ போட்டிருந்தியே, அதான் படிச்சிருப்பேன்னு போட்டேன்.”

முப்பத்தொரு வருடத் திருமண வாழ்க்கையில் பெரும்பாலான முடிவுகளை நாங்கள் இப்படித்தான் எடுத்திருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. பென்னட் என்ற எங்கள் ஊரில் ஒரு காலத்தில் ரயில் நின்றதே மசால் கட்டுகளை ஏற்றத்தான். பிறகு ஃபீனிக்ஸ் நகரம் எங்களை நோக்கி வருடத்துக்கு ஒரு மைல் வீதம் நடந்து வந்தது. ஒவ்வொரு குடும்பமாக விற்றது. நாங்களும் எண்பது ஏக்கரைக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்றோம். அந்தப் பணத்தில் மகள்கள் படித்தார்கள், டெல்வினின் முழங்காலுக்குச் சிகிச்சை நடந்தது. விற்ற அன்று நான் நன்றாகத் தூங்கினேன். எண்பது ஏக்கரில் இருநூற்றுப் பதினோரு வீடுகளும், இடுப்பளவு ஆழத்தில் ஓர் ஏரியும், நுழைவாயிலில் இரண்டு டன் சிமெண்டு நங்கூரமும் வந்தன. கடல் காரில் ஆறு மணி நேரம். தெருக்களுக்குப் பாய்மரத் தெரு, கலங்கரைத் தெரு என்று பெயர் வைத்தார்கள். சங்கத்தின் தலைவரைக் கேப்டன் என்று அழைக்க வேண்டும் என்பது விதிப் புத்தகத்தில் இருந்தது.

கேப்டனின் பெயர் லோவெல் எங்ஸ்ட்ரோம். மின்னசோட்டாவில் பல்பொருள் அங்காடிகளுக்குப் போய், அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் முகம் காட்டி நிற்கின்றனவா என்று பார்க்கும் வேலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வணக்கம் சொன்னால் பதில் சொல்லுவார், சொல்லும்போதே உங்கள் தோளுக்கு மேல் எதையோ நேராக்கப் பார்ப்பார்.

அக்டோபரில் வந்த கடிதம் நாற்றத்தைப் பற்றியது. என் மனையிலிருந்து மாட்டுச்சாண வாடை வருவதாக நாற்பத்தி மூன்று புகார்கள். நாங்கள் மாடுகளை விற்று ஒன்பது வருடமாகிறது. நான் வேலிப்பக்கம் போய் நின்று மூக்கை நீட்டிப் பார்த்தேன். பாலைவனத்தில் குளிர்காலத்திலும் புல் பச்சையாக இருக்க வேண்டும் என்ற சங்க விதிப்படி, இருநூற்றுப் பதினோரு வீட்டாரும் குளிர்காலப் புல் விதைத்து, அதன்மேல் மூட்டை மூட்டையாகச் சாண எரு பரப்பியிருந்தார்கள். இதை மரியாதையாக எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: “தாங்கள் குறிப்பிடுவது அனுமதிக்கப்பட்ட நாற்றம்.”

அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான். இத்தனை பேர் இவ்வளவு நிச்சயத்தோடு ஒன்றைச் சொல்லும்போது, தவறு என்னிடம்தான் இருக்குமோ என்று தோன்றும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பழக்கம். தேவாலயத்தில் யாராவது இருமினாலும் என் உடையைத்தான் சரிபார்ப்பேன்.

ஜனவரியில் சங்கத்தின் ஆய்வாளர் ஒருவர் வண்ண அட்டையோடு வந்தார். ஹார்பரில் வீடுகளுக்கும் சரளைக்கும் பதினான்கு நிறங்கள் அனுமதி. எல்லாம் மண்ணின் பெயர்கள்: பாலைப் பொன், காய்ந்த களிமண், மணல் மேட்டு மாலை. அவர் என் வயலில் மண்டியிட்டு, மண்ணை ஒரு பிடி எடுத்து, அட்டையின் ஒவ்வொரு கட்டத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். காய்ந்த மண் ஒருவாறு “காய்ந்த களிமண்” கட்டத்தோடு ஒத்துப்போனது. பிறகு, முந்தின நாள் நான் தண்ணீர் பாய்ச்சிய பாத்திக்குப் போனார். அங்கே மண் கறுத்திருந்தது. அட்டையை வெயிலில் பிடித்தார், நிழலில் பிடித்தார். எனக்காக உண்மையிலேயே வருந்தினார். “மேடம், இது எதோடயும் சேரலயே” என்றார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. என் மண் அனுமதிக்கப்பட்ட நிறத்தில் இல்லை. அதுவும் நனையும்போதெல்லாம் முன்னறிவிப்பின்றி நிறம் மாறுகிறது.

மார்ச்சில் சங்கமே தன் செலவில் ஓர் ஆளை அனுப்பியது. கோல்ஃப் மைதானங்களில் காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிக்கிறவன். சாம்பிளுக்காக நான்கு பாத்திகளில் “மணல் மேட்டு மாலை” நிறத்தைத் தெளித்துவிட்டுப் போனான். வயலின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் பிஸ்கட் மாதிரி ஆனது. கேப்டன் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் என் தண்ணீர் முறை. சாயம் கரைந்து, மசால் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதை அரசாங்கச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்கு இணையாகக் கருதி, விசாரணைக்கு என்னை அழைத்தார்கள்.

தண்ணீர் முறையைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடமிருந்து அவர்கள் பறிக்கப் பார்த்தது அதைத்தான். எங்களுக்கு முறை பதினான்கு நாளுக்கு ஒருமுறை. தண்ணீர் கம்பெனியில் மடை திறக்கும் சிப்ரியானோ, முந்தின நாளே வந்து மதகுக் கம்பியில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போவார். நாளை இத்தனை மணி இத்தனை நிமிடம் என்று மட்டும் இருக்கும். அந்த நிமிடத்தில் அவர் மேலே பெரிய கால்வாயில் திறப்பார். நம் மதகருகே நாம் நிற்க வேண்டும். நின்று, திறந்து, பாத்தி பாத்தியாகத் திருப்பிவிட வேண்டும். காய்ச்சலானாலும் நிற்க வேண்டும், பிரசவ வலி வந்தாலும் நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன்.

விவசாயத்தை நான் நேசித்ததாகச் சொல்ல முடியாது. பால் கறந்த விடியற்காலைகளை இன்றும் வெறுக்கிறேன். ஆனால் மதகருகே நிற்கும் அந்தச் சில மணி நேரம் நான் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய தாயும் இல்லை, தேவாலயத்தில் எல்லாப் பெண்களையும் போலச் சிஸ்டர் என்று அழைக்கப்படும் சிஸ்டர் லண்டும் இல்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை. அது தப்பாகப் போனால் மண்வெட்டியால் திருத்தலாம். என் வாழ்க்கையில் மண்வெட்டியால் திருத்தக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். எண்பது ஏக்கரை விற்றபோது இந்த இருபதை நான் வைத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை. டெல்வினிடம் வருமானம், வரிச்சலுகை என்று என்னென்னவோ சொல்லியிருந்தேன்.

விசாரணை படகு மன்றத்தில் நடந்தது. ஹார்பரில் யாரிடமும் படகு கிடையாது, மன்றம் மட்டும் உண்டு. எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். கலங்கரை விளக்கம் மாதிரி செய்த ஒரு முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி என் முன்னால் வைத்தார்கள். அது டிக்டிக்கென்று ஓடியதில் நான் சொல்ல வந்தது மறந்துபோனது. மீதி நேரத்தைக் கேப்டன் எடுத்துக்கொண்டார்.

“நாங்க யாரும் விவசாயத்துக்கு எதிரி இல்ல, மிஸஸ் லண்ட். விவசாயம் பிடிச்சதாலதான் இங்க வந்தோம். ‘வயல் பார்த்த மனை’ன்னு கூடுதலா குடுத்து வாங்கியிருக்கோம். ஆனா வயல்னா ஒரே மாதிரி இருக்கணுமில்லையா? உங்களோடது ஒரு நாள் பச்ச, ஒரு நாள் மொட்ட, ஒரு நாள் குளம். மனுஷன் காலைல காபியோட திரைய விலக்கினா எதப் பாக்கப்போறோம்னே தெரியல. எங்களுக்கு வயல் வேணும். அதுல நடக்குற வேலைதான் வேண்டாம்.”

கூட்டத்தில் தலையாட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மழை பேஞ்சாலும் மண்ணு கறுக்குமே, கேப்டன்” என்றேன்.

“மழை நம்ம சங்கத்துல உறுப்பினர் இல்ல. நீங்க உறுப்பினர்.”

நிர்வாகக் குழு அன்றே முடிவெடுத்தது. நிறமாற்றத்துக்கு மூலகாரணம் தண்ணீர். தண்ணீருக்கு மூலகாரணம் மதகு. கால்வாய்க் கரை சங்கத்தின் பொது இடத்தில் இருப்பதால், என் மதகைச் சிமெண்டு போட்டு அடைத்துவிடலாம். இவ்வளவு பெரிய காரியத்துக்கு மட்டும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் ஓட்டு வேண்டும். கூட்டம் ஜூனில்.

ஜூனில் ஒரு முறை தவறினால் மசால் வாடும். இரண்டு தவறினால் வேரோடு போகும். செத்த வயலுக்குச் சங்க விதிகளில் “காலி மனை” என்று பெயர். காலி மனையில் அனுமதிக்கப்பட்ட நிறத்தில் சரளை பரப்பியாக வேண்டும். அதாவது, ஜூலை முடிவதற்குள் என் வயல் ஒரு கார் நிறுத்துமிடமாக ஆகியிருக்கும்.

டெல்வின் விற்றுவிடலாம் என்றார். அவர் கோழை இல்லை, களைத்திருந்தார். எங்கள் தேவாலயத்தின் பிஷப்பிடம் போனேன். அவரும் ஹார்பரில்தான் குடியிருந்தார். பொறுமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பிறகு, தன் வாசல் கதவுக்குச் சிவப்பு அடிக்க இரண்டு வருடமாக அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும் கதையைச் சொல்லத் தொடங்கி அவரே கலங்கிவிட, நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

கூட்டத்துக்கு முந்தின நாள் சிப்ரியானோ சீட்டைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். நாளை நாலு மணி பத்து நிமிடம். கூட்டம் மூன்று மணிக்கு.

“கடைசி முறையா இருக்கும்ங்கிறாங்க” என்றேன். ஸ்பானிஷ் பேசுகிற அவர் என்னை எப்போதும் மரியாதையாகத் தோன்யா என்றுதான் அழைப்பார்.

“எனக்கு அப்படி ஒண்ணும் சொல்லல, தோன்யா ஆர்டித். இருபத்தாறு வருஷத்துல இந்த வாய்க்கால்ல நான் பார்த்த கடைசி முறைங்க நெறைய. எல்லாத்துலயும் ஆளுங்க தாங்களா வராம நின்னுட்டாங்க. வந்து நின்னவங்கள யாரும் திருப்பி அனுப்பினது இல்ல.” பிறகு டிரக்கில் ஏறிக்கொண்டே சொன்னார்: “வெயில் நூத்திப் பதிமூணு இருக்கும். தொப்பி எடுத்துட்டு வாங்க.”

அந்த இரவு நான் என்னைத்தான் விசாரித்தேன். இத்தனை மாதமாக ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பதிலிலும் “தயவுசெய்து” இருந்தது. மதகை அடைத்தால்கூட நன்றிக் கடிதம் எழுதுவேனோ என்று பயமாக இருந்தது. காலையில் எழுந்து, தேவாலய உடையை எடுத்து, திரும்ப அலமாரியிலேயே மாட்டிவிட்டு, பாசனத்துக்குப் போடும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். அப்படியே கூட்டத்துக்குப் போனேன். டெல்வின் என் காலைப் பார்த்தார், தானும் போய்த் தன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார்.

படகு மன்றத்தில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். எந்த வருடமும் இவ்வளவுதான் வருவார்கள். அதனால் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஓட்டுகள், அதாவது கோரம், சேராது, கூட்டம் முறைப்படி தொடங்காது, கூட்டம் தொடங்காததால் பழைய நிர்வாகக் குழுவே நீடிக்கும். லோவெல் எங்ஸ்ட்ரோம் ஆறு வருடமாகக் கேப்டனாக இருந்தது இப்படித்தான். ஆனால் இந்த வருடம் அவருக்கு மதகின்மேல் ஓட்டு வேண்டியிருந்தது. சங்கத்தின் கணக்கு வழக்கைப் பார்க்கும் நிர்வாகக் கம்பெனியின் பெண் ட்ரீனா, கணினியைப் பார்த்துவிட்டுக் கோரம் இருக்கிறது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். கதவு சாத்திய பின் வருகிறவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே என்பது அவரே எழுதிய விதி. பிறகு பித்தளைக் கப்பல் மணியை அடித்து, கூட்டம் தொடங்கியது என்று அறிவித்தார். முதல்முறை அடிப்பதால் கொஞ்சம் அதிகமாகவே அடித்தார்.

“மணி அடிச்சதோட பழைய குழுவோட பதவிக்காலம் முடியுது” என்று ட்ரீனா விதியைப் படித்தாள். “புதுக் குழுவ இந்தக் கூட்டத்துலயே தேர்ந்தெடுக்கணும்.”

“அதெல்லாம் கடைசில. முதல்ல மதகு” என்றார் கேப்டன்.

மதகு அடைப்புத் தீர்மானத்தைப் படித்தார்கள். அழகான நடையில் எழுதியிருந்தார்கள். என் வயல் அதில் “நிறநிலைப்பு இல்லாத பரப்பு” என்று வந்தது. ஆதரவாகக் கை தூக்கச் சொன்னதும் பத்தொன்பது கைகள் எழுந்தன. எதிர்ப்பவர்கள் என்றதும் நான் தூக்கினேன். டெல்வின் என் கையைப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கப் போனார்.

“ஒரு மனைக்கு ஒரு கைதான், சார்” என்றாள் ட்ரீனா. அவர் இறக்கிக்கொண்டார். அவள் கணினியில் எதையோ இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு, வானிலை அறிக்கை வாசிப்பது போல வாசித்தாள்: “ஆதரவு பத்தொன்பது. எதிர்ப்பு முந்நூறு. தீர்மானம் தோற்றது.”

கேப்டன் அறையில் இருந்த தலைகளை எண்ணினார்.

“முந்நூறா?” என்றார் கேப்டன்.

ட்ரீனா விளக்கினாள். நான்காம் கட்டத்தில் நூறு மனைகள் திட்டமிடப்பட்டிருந்தன. கட்டுமான நிறுவனம் வீடுகளை விற்று முடிக்கும்வரை சங்கம் தன் கையை விட்டுப் போகக்கூடாது என்பதற்காக, கட்டப்படாத மனை ஒவ்வொன்றுக்கும் மூன்று ஓட்டு என்று எழுதி வைத்தது. அந்த ஓட்டு நிலத்தோடு சேர்ந்தது. என் நிலத்தையும் ஒருநாள் வாங்கிவிடலாம் என்று நிறுவனம் நினைத்திருந்தது. வாங்கவில்லை.

“அது நிறுவனத்துக்காக எழுதினது” என்றார் கேப்டன்.

“நிலத்துக்காகன்னுதான் எழுதியிருக்கு, கேப்டன். அவங்க நிலம் அது.”

“அப்ப அவங்க உறுப்பினரே இல்லன்னு ஒரு தீர்மானம் போடலாம்.”

ட்ரீனா பக்கத்தைத் திருப்பினாள். அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே மனித உயிர் அவள்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. “மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அவங்களும் சேந்து போட்டாத்தான் வரும். அப்புறம், அவங்க உறுப்பினர் இல்லன்னா நாம அனுப்பின பத்தொம்பது லெட்டரும் செல்லாது. கோரமும் போயிடும்.”

எனக்கு நடந்தது முழுவதும் பிடிபட இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. “நான் எத்தனை பேர், ட்ரீனா?”

“முந்நூறு பேர், மேடம்.”

“இத்தன வருஷம் ஒருத்தின்னு நெனச்சுல்ல சமாளிச்சேன்” என்றார் டெல்வின், பக்கத்து நாற்காலிக்காரரிடம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். கேப்டன் தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார், பதவி இல்லாதவர் அதில் உட்காரலாமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. யாரோ அதை என் பக்கம் நகர்த்தினார்கள். உட்கார்ந்தேன். தோல் நாற்காலி, சுழலும். உடனே மக்கள் எழுந்து வந்தார்கள். சிகாகோவிலிருந்து வந்த வாண்டா, கொல்லைப்புறத்தில் துணி காயப்போட ஒரு கொடி கட்டிக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டாள். நாலு வருடமாக வெயில் இலவசமாகக் கொளுத்துகிறது, நான் மின்சார இயந்திரத்தில் உலர்த்திக்கொண்டிருக்கிறேன் என்றாள். ஒருவர் பேரனுக்கு வாசலில் கூடைப்பந்து வளையம் மாட்டலாமா என்றார். பிஷப் கதவின் சிவப்பைப் பற்றி ஆரம்பித்தார். பத்தொன்பது கைகளில் இருந்த பல கைகள் இப்போது என் முன்னால் கூப்பாத குறையாக நின்றன. இவர்களும் கடிதங்களுக்குப் பயந்து வாழ்ந்தவர்கள்தான், அவற்றில் “தயவுசெய்து” எழுதியவர்கள்தான் என்று அன்றுதான் கண்டேன்.

கண்டதும் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது இரக்கம் இல்லை. இனித்தது. என் மதகை அடைக்கக் கை தூக்கிய ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தேன், அவர்கள் பார்வையைத் தாழ்த்தும்வரை. எனக்குள் ஒரு விதி தயாராகிக்கொண்டிருந்தது. ஹார்பரில் எல்லா வீட்டுப் புல்லும் இருபது அங்குலம் வளர வேண்டும். குறைந்தால் கடிதம். அந்தக் கடிதத்தின் முதல் வரிகூட என் மனதில் வந்துவிட்டது: அன்புள்ள உறுப்பினரே. அது என் சொந்தக் குரலில் கேட்டது. கேட்டதும் என் முதுகு அந்தத் தோல் நாற்காலியில் வியர்த்து ஒட்டியது. வாயைத் திறந்தேன், என்ன சொல்லியிருப்பேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அப்போது கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். சிப்ரியானோ. தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, பார்வையாளராக உள்ளே வந்தார்.

“தோன்யா ஆர்டித், தண்ணி உங்க வாய்க்கால் தலைப்புக்கு வந்துருச்சு. கூட்டம் நடக்குதுன்னு நான் சொல்லிப் பாத்தேன். அது கேக்கல.”

எழுந்தேன். நாற்காலி என் உடையை விட மனமில்லாமல் விட்டது.

“மிஸஸ் லண்ட்” என்றார் லோவெல். குரல் மாறியிருந்தது. “கூட்டத்த முடிச்சுட்டுப் போங்க. முடிக்கிறதுக்கும் ஓட்டு வேணும்.”

நான் ட்ரீனாவைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள். மணி அடித்தபோது இந்த அறையில் இருந்த ஓட்டுகளில் பாதிக்குமேல் இல்லாமல் இந்தக் கூட்டம் எதையும் செய்ய முடியாது. புதுக் குழுவைத் தேர்ந்தெடுக்க முடியாது. தன்னை முடித்துக்கொள்ளவும் முடியாது. ஒரு கூட்டம் முடியாமல் இன்னொன்றைக் கூட்டவும் முடியாது. குழு இல்லாமல் கடிதம் அனுப்ப முடியாது. இதையெல்லாம் அவள் சொன்னபோது அவள் உதட்டோரம் மிகச் சிறிதாக ஒன்று நடந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

“அப்ப நான் இல்லன்னா?”

“நடந்துக்கிட்டே இருக்கும், மேடம். ஒண்ணும் நடக்காது.”

வாண்டா என் பின்னாலேயே கதவுவரை வந்தாள். கொடி விஷயம் என்னாச்சு என்றாள்.

“கட்டிக்கோ, வாண்டா. என்னக் கேக்காத. யாரையும் கேக்காத.”

“நீங்க எப்பத் திரும்பி வருவீங்க?” என்று லோவெல் கேட்டார். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். தொப்பியை மாட்டிக்கொண்டேன்.

“தண்ணி பாய்ச்சிட்டு வந்துர்றேன்” என்றேன்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. நான் மதகைத் தூக்கியபோது தண்ணீர் மண்ணைக் கறுப்பாக்கிக்கொண்டே ஓடியது. டெல்வின் முதல் பாத்தியில் நின்று, உடைப்பு ஒன்றை அடைத்துக்கொண்டிருந்தார். மதில்சுவருக்கு மேல் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. நான் தயவுசெய்து என்று யாரிடமும் சொல்லவில்லை.

இது நடந்து ஆறு வருடமாகிறது. ஹார்வெஸ்ட் ஹார்பரின் ஆண்டுப் பொதுக்கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பிஷப்பின் கதவு இப்போது சிவப்பு. கொஞ்சம் அசிங்கமான சிவப்புதான், அவருக்கே அது தெரியும். சிலர் கோழி வளர்க்கிறார்கள், சேவல் ஒன்று என் உயிரை வாங்குகிறது. ட்ரீனா வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். லோவெல் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை படகு மன்றத்தைத் திறந்து, நாற்காலிகளை வரிசையாக முகம் காட்டி நிற்க வைத்துவிட்டு, எனக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்கிறார்.

நானும் மரியாதையாகத்தான் பதில் சொல்கிறேன். பொய் சொல்வதில்லை. ஈரம் இருக்கும்வரை மண் கறுப்பாக இருக்கிறது, பதினாலாவது நாள் வெளுத்துவிடுகிறது, சிப்ரியானோவின் சீட்டு வந்துவிடுகிறது.

“இன்னும் பாய்ச்சி முடியல, லோவெல்” என்கிறேன்.